ஒரு சிறைக்கூடத்து விவாதமும் அதன் பின்வரலாறும்

அரசு பொருளாதாரம் முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது காவல், நீதி, சாலை என்று சில பணிகளோடு நின்றுகொள்ள வேண்டுமா? விடுதி உணவுக்கூடத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் இன்றும் எவரும் உறங்கச் செல்வதில்லை. அண்மையில் அத்தகைய ஓர் இரவில் நண்பர் ஒருவர், சோசலிசம் நேருவோடு வந்தது என்றும், வரம்புடைய அரசு என்ற கருத்து 1991க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்றும் தீர்ப்பளித்தார். அவ்விரண்டு கூற்றுகளும் வரலாற்றோடு ஒட்டவில்லை. இவ்விரு கருத்துகளும் இந்நாட்டில் ஏறத்தாழ ஒரே தலைமுறை இளைஞர்களின் வாயில், சில வேளைகளில் ஒரே மனிதரின் வாயில், பிறந்து மோதியவை. அன்றிரவு சொல்ல வந்ததைக் கோவையாகச் சொல்ல இயலவில்லை. எனவே இந்த நெடும்பதிவு.

1. நாசிக்

1932-33ஆம் ஆண்டுகளில் சட்டமறுப்பு இயக்கத்தில் கைதானவர்களால் நாசிக் சிறை நிரம்பியிருந்தது. ஜெயபிரகாஷ் நாராயண், மினு மசானி, அச்யுத் பட்வர்தன், அசோக் மேத்தா போன்றோர் அங்கு ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தனர். ஜெயபிரகாஷ் அமெரிக்காவில் ஏழாண்டுகள் கூலிவேலை செய்து படித்து, விஸ்கான்சினில் மார்க்சியராக மாறித் திரும்பியவர். மசானி பம்பாயின் வசதியான பார்சிக் குடும்பத்துப் பிள்ளை. இலண்டன் பொருளியல் பள்ளி மாணவர், பாரிஸ்டர். 1927லேயே சோவியத் ஒன்றியத்தை நேரில் கண்டு வியந்தவர். வெள்ளையர் வெளியேறிய பின் நிலம் யாருக்கு, ஆலை யாருக்கு என்பதே சிறையில் அவர்கள் ஓயாது பேசிய பொருள்.

அப்பேச்சின் விளைவாக 1934 மே மாதம் பாட்னாவில் ஆச்சார்ய நரேந்திர தேவ் தலைமையில் ஒரு மாநாடு கூடியது. அவ்வாண்டு அக்டோபரில் பம்பாயில் காங்கிரஸ் சோசலிஸ்டு கட்சி முறைப்படி அமைந்தது. நரேந்திர தேவைத் தவிர முன்னணியில் இருந்தோர் பெரும்பாலும் இளைஞர்கள். பாட்னா மாநாட்டின்போது ஜெயபிரகாஷுக்கு 31 வயது, மசானிக்கு 28, ராம் மனோகர் லோகியாவுக்கு 24, அசோக் மேத்தாவுக்கு 22. பின்னாளில் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்டு முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் இக்கட்சியில் இருந்தவரே. உற்பத்தி செய்யும் மக்களுக்கே அதிகாரம் முழுவதும், அரசு திட்டமிட்டு நடத்தும் பொருளாதாரம், அடிப்படைத் தொழில்கள் பொதுவுடைமை, அயல்நாட்டு வணிகம் அரசின் தனியுரிமை, ஜமீன்களும் சமஸ்தானங்களும் இழப்பீடின்றி ஒழிப்பு என்று அவர்களின் வேலைத்திட்டம் நீண்டது.

அன்றைய அரசு என்பது அந்நிய அரசு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வரி வாங்கிச் சிறையில் அடைக்கும் அரசை எதிர்த்துக் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்கள், வருங்கால அரசின் கையில் அனைத்தையும் ஒப்படைக்கத் திட்டமிட்டனர். இந்த முரணை முதலில் சுட்டியவர் காந்தி. 1934 நவம்பரில் மானுடவியலாளர் நிர்மல் குமார் போசுடன் நிகழ்த்திய உரையாடலில், அரசின் அதிகாரம் வளர்வதைத் தாம் மிகுந்த அச்சத்தோடு பார்ப்பதாக அவர் சொன்னார். சுரண்டலைக் குறைத்து நன்மை செய்வதுபோல் தோன்றினாலும், தனிமனிதனின் சுயத்தை அது அழித்துவிடும் என்பது அவர் வாதம். இளைஞர்களுக்கு அது ஒரு முதியவரின் பழைமைவாதமாகவே பட்டது. அவர் முன்வைத்த மாற்று, செல்வர்கள் தங்கள் செல்வத்துக்குத் தருமகர்த்தாக்களாக இருப்பது. ஜமீன்தாரின் அடியாளைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்த மாற்றில் நம்பிக்கை பிறக்காததில் வியப்பில்லை.

2. மாஸ்கோவிலிருந்து வந்த செய்தி

1936இல் இக்கட்சி கம்யூனிஸ்டுகளுக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டில் மாஸ்கோவில் பழைய போல்ஷ்விக் தலைவர்கள் மீதான விசாரணைகள் தொடங்கின. புரட்சியை நடத்தியவர்களே தங்களைத் துரோகிகள் என்று ஒப்புக்கொண்டு சுடப்பட்டனர். இச்செய்தி மசானியை உலுக்கியது. கட்சியும் அரசும் காவல்துறையும் முதலாளியும் ஒன்றே ஆகிவிட்ட நாட்டில், தவறு செய்யாத மனிதன் தன்னைக் காத்துக்கொள்ள எங்கே போய் நிற்பான்? வேலை கொடுப்பவரும் வழக்குத் தொடுப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே எனில் மேல்முறையீடு என்பதற்குப் பொருளில்லை. 1939இல் மசானி, லோகியா, பட்வர்தன், அசோக் மேத்தா ஆகியோர் கட்சியின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினர். 1940இல் கம்யூனிஸ்டுகள் வெளியேற்றப்பட்டபோது தென்னகக் கிளைகள் ஏறத்தாழ முழுமையாக அவர்களோடு சென்றன. தமிழகத்தில் பி. இராமமூர்த்தியும் ஜீவாவும் இவ்வழியே வந்தவர்கள்.

ஒரே நிகழ்விலிருந்து ஒவ்வொருவரும் வெவ்வேறு பாடம் கற்றனர். லோகியா சோசலிசத்தைக் கைவிடவில்லை. அதிகாரத்தைக் கிராமம், மாவட்டம், மாநிலம், நடுவண் என நான்கு தூண்களாகப் பிரிக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். ஜெயபிரகாஷ் மெல்ல மார்க்சிடமிருந்து விலகி, 1954இல் பூதான இயக்கத்துக்கு வாழ்வை ஒப்படைத்தார். மசானி 1944இல் சோசலிசத்தை மறுபரிசீலனை செய்து ஒரு நூல் எழுதினார். உடைமை அரசிடம் சென்றுவிட்டால் சமத்துவம் தானே வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையை அதில் அவர் கைவிட்டார்.

3. அம்பேத்கர்: இருபுறமும் நின்ற வாதம்

இவ்விவாதத்தில் இளைஞர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் பெயர் அம்பேத்கர். இருதரப்பாரும் அவரைத் தம்மவர் என்பர். இருதரப்பாருக்கும் அவர் இடைஞ்சலானவர்.

1947இல் அவர் அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கை, வேளாண்மையை அரசுத் தொழிலாக்க வேண்டும், காப்பீடு அரசின் தனியுரிமையாக வேண்டும், இவற்றை அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்றது. வரம்புடைய அரசு வேண்டுவோருக்கு அவர் அதில் விடுத்த கேள்வி இன்றும் கூர்மை மழுங்காதது. அரசு விலகிக்கொண்டால் அங்கே சுதந்திரம் எஞ்சும் என்கிறீர்கள். அது யாருடைய சுதந்திரம்? குத்தகையை உயர்த்த நிலக்கிழாருக்கு உள்ள சுதந்திரம், வேலை நேரத்தை நீட்டவும் கூலியைக் குறைக்கவும் முதலாளிக்கு உள்ள சுதந்திரம். அரசின் பிடியிலிருந்து விடுபடுவது தனியார் முதலாளியின் சர்வாதிகாரத்துக்குள் நுழைவதாக முடியலாம். வேலையில்லாதவனிடம் அடிப்படை உரிமைகளையும் ஒரு வேளைச் சோற்றையும் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் அவன் எதைத் தேர்வான் என்பதே அவர் வாதத்தின் அடித்தளம்.

அதே அம்பேத்கர், 1948 நவம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா 'சோசலிச' என்ற சொல்லை முதற்கூற்றில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது ஏற்க மறுத்தார். சமுதாயம் எவ்வாறு பொருளாதார நோக்கில் அமைய வேண்டும் என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும். அதை அரசியலமைப்பில் பூட்டிவைப்பது மக்களாட்சியையே அழிப்பதாகும் என்றார். இன்று பெரும்பான்மையோர் சோசலிசமே மேலானது எனக் கருதலாம். நாளை சிந்திப்பவர்கள் அதனினும் மேலான ஒன்றைக் கண்டடையலாம் என்பது அவர் காட்டிய காரணம். உடனே மற்றொன்றையும் சேர்த்தார்: வழிகாட்டு நெறிகளில் சோசலிச உள்ளடக்கம் ஏற்கெனவே இருக்கிறது, தனிச்சொல் தேவையில்லை.

இரண்டாண்டுக்கும் குறைந்த இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றத்தை முரண் என்று ஒதுக்கிவிட எனக்குத் தோன்றவில்லை. பட்டியல் சாதியினரின் பிரதிநிதியாக அவர் ஒரு கோரிக்கையை வைத்தார். வரைவுக் குழுத் தலைவராக, தாம் தோற்றாலும் வென்றாலும் விவாதம் தொடர்வதற்கான விதியை வகுத்தார். இவ்விரண்டையும் ஒரு மனிதர் ஒருங்கே செய்ய இயலும்.

4. ஆவடியிலிருந்து சென்னை வரை

1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்ற இலக்கை ஏற்றது. அவ்வாண்டே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட வரைவைப் பரிசீலித்த பொருளியலாளர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மாறுபட்ட குறிப்பை எழுதினார்: சேமிப்புக்கு மிஞ்சிய செலவைப் பற்றாக்குறை நிதியால் ஈடுகட்டினால் விலைவாசி உயரும், கட்டுப்பாடுகள் பெருகும் என்று. 1956இன் தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசுக்கே ஒதுக்கியது.

இக்கொள்கை அன்றாடத்தில் இயங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள தொழிலொன்றில் புதிய ஆலை தொடங்க, இருக்கும் ஆலையைப் பெரிதாக்க, புதுப்பொருள் செய்ய, இடம் மாற்ற, எதற்கும் உரிமம் வேண்டும். எந்திரம் வரவழைக்க இறக்குமதி உரிமம் தனி. பங்கு வெளியிடத் தனி அனுமதி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையொப்பம். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு காத்திருப்பு. தில்லியில் ஆள் வைத்துக்கொள்ள வசதியுள்ள பெருநிறுவனத்துக்கு இக்காத்திருப்பு ஒரு செலவு மட்டுமே; சிறு முனைவோருக்கோ அது முடிவு. அறுபதுகளின் பிற்பகுதியில் ஆர்.கே. ஹசாரியின் ஆய்வு, உரிமங்கள் பெருமளவில் பிர்லா முதலிய பெருங்குழுமங்களுக்கே சென்றதைக் காட்டியது. செல்வக் குவிப்பைத் தடுக்க எழுந்த வேலி, குவித்தவர்களுக்கே காவலாயிற்று. இராஜாஜி இம்முறைக்கு இட்ட பெயர்தான் 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்'.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையைத் தீர்மானமாக ஏற்றதும், நிலவுடைமை உழவர்களிடையே அச்சம் பரவியது. அவ்வாண்டு ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. இராஜாஜிக்கு அப்போது 80 வயது. உழவர் தலைவர் என்.ஜி. ரங்கா தலைவரானார், பொதுச்செயலாளர், நாசிக் சிறையில் சோசலிசக் கனவு கண்ட அதே மினு மசானி. 21 அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட எப்பொருளிலும் உறுப்பினர் விருப்பம்போல் கருத்துச் சொல்லலாம் என அக்கட்சி அறிவித்தது. இந்தியக் கட்சிகளின் வரலாற்றில் இது அரிய ஏற்பாடு.

அதன் குறையையும் மறைக்கலாகாது. முன்னாள் மன்னர்களும் ஜமீன்தார்களும் அதன் வாக்கு வங்கியில் பெரும்பங்கு வகித்தனர். சொத்துரிமை புனிதமானது என்று மேடையில் முழங்கியபோது, அச்சொத்து எவ்வாறு வந்தது என்னும் கேள்விக்குக் கூலி உழவர்க்கு அதனிடம் மறுமொழி இல்லை. அம்பேத்கர் 1947இல் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. 1962இல் மக்களவையில் 18 இடங்கள், 1967இல் 44 இடங்கள் என வளர்ந்த கட்சி 1971இல் எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. 1974இல் மற்றொரு கட்சியில் கரைந்தது. 1967 சென்னை மாநிலத் தேர்தலில் அது திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து 20 சட்டமன்ற இடங்களை வென்றது. அத்தேர்தலில் கழகத்தின் புகழ்பெற்ற வாக்குறுதி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அரசு விலை நிர்ணயம் செய்யக் கூடாது என்போர், அரசு மலிவு அரிசி தருவதாகச் சொன்னோரோடு ஒரே மேடையில் நின்றனர்.

5. 1963: ஒரு மக்களவைக் காட்சி

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் உவப்பான ஆண்டு 1963. அவ்வாண்டு இடைத்தேர்தல்களில் பரூக்காபாத்திலிருந்து லோகியாவும், ராஜ்கோட்டிலிருந்து மசானியும், அம்ரோகாவிலிருந்து கிருபளானியும் மக்களவைக்கு வந்தனர். ஆகஸ்டில் கிருபளானி, நேரு அரசின் மீது சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் 62க்கு 347 என்ற கணக்கில் தோற்றது.

எண்ணிக்கை முக்கியமன்று. 1934இல் ஒரே கட்சியைத் தொடங்கிய லோகியாவும் மசானியும் இப்போது ஒரே அரசை எதிர்த்தனர், நேர் எதிரான காரணங்களுக்காக. நாட்டின் 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்று அணாவில் பிழைக்கிறார்கள், பிரதமருக்கோ நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்றார் லோகியா. அரசு போதிய அளவு சோசலிசமாக இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அரசு தேவைக்கு மிஞ்சிப் பரந்துவிட்டது என்பது மசானி தரப்பின் குற்றச்சாட்டு. அவர்களுடைய பழைய தோழர் அசோக் மேத்தா, அவ்வாண்டின் இறுதியில் திட்டக்குழுவின் துணைத் தலைவரானார். முப்பதாண்டுக்கு முன் ஒன்றாய்த் தொடங்கியவர்கள் முக்கோணத்தின் மூன்று முனைகளில் நின்றனர்.

ஆனாலும் லோகியாவின் மூன்று அணாவும் மசானியின் உரிம எதிர்ப்பும் ஒரே இடத்தைத் தொட்டன. ஏழையின் பெயரால் திரட்டப்பட்ட அதிகாரம் ஏழையிடம் போய்ச் சேரவில்லை என்பதே அது.

6. ஒரு சொல்லின் பயணம்

மொழியியல் படித்தவள் என்பதால் சொற்களைப் பற்றிச் சிறிது. தமிழில் சோசலிசத்துக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. 1931இல் 'குடி அரசு' இதழ், கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தைச் 'சமதர்ம அறிக்கை' என்ற பெயரில் வெளியிட்டது. மறு ஆண்டு, சோவியத் பயணத்திலிருந்து திரும்பிய பெரியார், சிங்காரவேலரின் துணையோடு ஈரோட்டுத் திட்டத்தை வகுத்தார். 'சமதர்மம்' என்ற தேர்வு கவனிக்கத்தக்கது. 'பொதுவுடைமை' என்னும்போது பேச்சு உடைமையைப் பற்றியதாகிறது. 'சமதர்மம்' என்னும்போது, குலத்துக்கொரு நீதி சொன்ன பழைய தருமத்துக்கு மாற்று முன்வைக்கப்படுகிறது. பொருளியல் சொல்லொன்று சாதி ஒழிப்பின் சொல்லாகவும் ஆயிற்று.

மறுதரப்புக்கு இத்தகைய சொல் அமையவில்லை. 'வரம்புடைய அரசு' என்று நான் எழுதுவதே ஒரு மொழிபெயர்ப்பின் வாடையோடுதான் இருக்கிறது. 'சுதந்திரா' என்பது கட்சிப் பெயராகவே நின்றுவிட்டது. கருத்தின் பெயராக ஊருக்குள் நடமாடவில்லை. கூலிக்காரரும் குத்தகையாளரும் தம் வாழ்க்கையைப் பொருத்திப் பார்க்கும் சொல்லை அத்தரப்பு உருவாக்கியிருந்தால், அதன் வாதம் மாளிகைகளைக் கடந்திருக்கக்கூடும்.

1976 நவம்பரில் 42ஆம் திருத்தத்தை நிறைவேற்றியபோது நாடு நெருக்கடிநிலையில் இருந்தது. அம்பேத்கர் மறுத்த 'சோசலிச' என்ற சொல் முகப்புரையில் ஏறியது. அப்போது மது லிமாயே, ஜார்ஜ் பெர்னாண்டஸ் முதலிய சோசலிஸ்டுகள் சிறையில் இருந்தனர். மசானியோ தம் இதழின் மீதான தணிக்கையை எதிர்த்துப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். ஜெயபிரகாஷ் அதற்கு முந்தைய ஆண்டே சிறை சென்று, உடல் நலிந்து வெளிவந்திருந்தார். நாசிக் சிறையின் இரு நண்பர்களும் நாற்பதாண்டுக்குப் பின் மீண்டும் அரசின் எதிர்ப்பக்கத்தில் நின்றனர்.

1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு மேலும் ஓரடி சென்றது. பதிவு பெற விரும்பும் எக்கட்சியும் சோசலிசக் கோட்பாட்டுக்கு உண்மையான பற்றுடையதாகத் தன் விதிகளில் உறுதி கூற வேண்டும். இராஜாஜி இன்று சுதந்திராக் கட்சியைத் தொடங்க விரும்பினால், தாம் எதிர்க்கும் கொள்கைக்கு விசுவாசம் தெரிவித்த பின்னரே பதிவு செய்ய முடியும். 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமமுறை நீக்கப்பட்ட பின்னரும் இவ்வுறுதிமொழி நீடிக்கிறது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், முகப்புரைச் சொல்லை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தபோது, இந்தியச் சூழலில் சோசலிசம் என்பது நலவாழ்வு அரசையே குறிக்கிறது, தனியார் தொழில்முனைவைத் தடுப்பதில்லை என்று விளக்கியது. சொல் நிலைத்தது, பொருள் நெகிழ்ந்தது. சோசலிஸ்டு ஒருவர் இதில் மகிழ இடமில்லை. எல்லாக் கட்சிகளும் ஏற்றுக் கையொப்பமிடும் ஒரு கொள்கை எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை.

7. உணவுக்கூடத்துக்குத் திரும்பி

என் சார்பையும் சொல்லிவிடுகிறேன். நான் அரசுப் பள்ளியில் படித்தவள். மாதந்தோறும் வரும் அரசு உதவித்தொகையில் ஆய்வு செய்பவள். அரசு காவலோடும் நீதியோடும் நின்றிருந்தால் இப்பதிவை எழுதும் இடத்துக்கு நான் வந்திருக்க மாட்டேன். அதே உதவித்தொகை ஒரு கையொப்பத்துக்காக மாதக்கணக்கில் நிற்கும்போது, இராஜாஜி எதைச் சொன்னார் என்பதும் எனக்கு விளங்குகிறது. இரண்டு அனுபவங்களும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடித்துவிட முடியவில்லை.

அன்றிரவு வாதிட்ட நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. சமதர்மம் பேசுவோர், மாஸ்கோ விசாரணைகளைக் கண்ட மசானியின் கேள்விக்கு விடை தேடுங்கள்: அனைத்தும் அரசிடம் இருக்கும்போது அரசோடு மாறுபடுபவன் எதை உண்டு வாழ்வான்? வரம்புடைய அரசு பேசுவோர், அம்பேத்கரின் 1947 கேள்விக்கு விடை தேடுங்கள்: அரசு விலகிய இடத்தில் பண்ணையாரும் முதலாளியும் வந்து அமர்வதைத் தடுப்பது எது? இவ்விரு கேள்விகளையும் எதிர்த்தரப்பின் வாயை அடைக்க எறிவது எளிது. தம் தரப்பை நோக்கிக் கேட்டுக்கொள்வது கடினம்.

மசானி தம் இளமைக் கருத்தை மாற்றிக்கொண்டார். ஜெயபிரகாஷ் இருமுறை மாற்றிக்கொண்டார். லோகியா மாற்றாமல் திருத்திக்கொண்டார். அவர்களுள் எவரும் மற்றவரைத் துரோகி என்று கூறி உறவை அறுத்துவிடவில்லை. 28 வயதில் மசானி எடுத்த நிலைப்பாடு 53 வயதில் அவரோடு இல்லை. ஏறத்தாழ அதே வயதில் இருக்கும் எனக்கு, என் இன்றைய நிலைப்பாட்டைச் சற்றுத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள இதுவே போதிய காரணமாக இருக்கிறது.

(தரவுப் பிழைகள் இருப்பின் சுட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.)